வீடு மாறும்போது நாம் செய்யும் தவறுகள்

(நம் சங்கத்தின் புனே கிளையில் மூத்த உறுப்பினர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "மாமா, நீங்கள் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர். ஏதாவது சயன்ஸ் விஷயமாகப் பேசுங்கோளேன்" என்றார். யோசித்துப் பார்த்தேன். நம் வயதில் பலருக்கும் இன்று தலைக்கு மேல் இருக்கும் விஷயம் வேறு. பிள்ளையோடு இருக்கப் பெங்களூர் போகலாமா, பெண் இருக்கும் ஹைதராபாத் போகலாமா, இருக்கிற வீட்டை விற்றுவிட்டு கோயமுத்தூர் பக்கம் மூத்தோர் குடியிருப்புக்குப் போகலாமா என்றுதான் இரண்டு பேர் சேர்ந்தால் பேசிக்கொள்கிறோம். ஆகவே வீடு மாறுவதைப் பற்றியே பேசுகிறேன். நடுநடுவே கொஞ்சம் சயன்ஸும் வரும்.

இதைப் பேச எனக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். 1972-இல் மத்திய அரசு உத்தியோகத்தில் சேர்ந்து 2010-இல் ஓய்வு பெற்றேன். அந்த 38 வருஷத்தில் ஏழு முறை மாற்றலாகி, ஏழு முறை வீடு மாறினேன். ஒரு டம்ளர்கூடத் தொலைந்ததில்லை. எட்டாவது முறையாக, 2018-இல், டில்லியிலிருந்து புனேவுக்கு வந்தோம். செய்யக்கூடாத தவறுகள் அத்தனையையும் அந்த ஒரு தடவையில் செய்தேன்.

காரணம் என்ன தெரியுமோ? முதல் ஏழு முறையும் நான் ஆபீஸில் சார்ஜ் ஒப்படைத்துக்கொண்டிருப்பேன். சாமான் கட்டியது முழுக்க என் ஆத்துக்காரி. எட்டாவது முறை நான் ரிடையராகி வீட்டில் சும்மா இருந்தேன். "நீ ஒன்றும் கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன்" என்று பொறுப்பை வாங்கிக்கொண்டேன். அதுதான் முதல் தவறு. அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மற்றவற்றைப் பார்க்கலாம்.

வீட்டை ஒரே ஒரு முறை பார்ப்பது

நாம் வீடு பார்ப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. வெயில் நன்றாக இருக்கும், லிஃப்ட் ஓடும், குழாயில் தண்ணீர் வரும், தெருவில் சத்தம் இருக்காது. எல்லாம் பிடித்துப் போகும்.

நாங்கள் ஒரு ஃப்ளாட்டை ஏப்ரல் மாதத்தில் பார்த்தோம். ஜூலையில் படுக்கையறையின் மேற்குச் சுவர் முழுக்க ஈரம். இங்கே தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்கு, தெற்குச் சுவர்களில்தான் அறைகிறது. டில்லிக்காரனுக்கு அது தெரியவில்லை. நல்ல வேளையாக, "அப்பா, ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கோ" என்று பிள்ளை சொன்னதைக் கேட்டிருந்தோம். வாங்கியிருந்தால் அந்தச் சுவரும் எங்களுடையதாகியிருக்கும். புது ஊரில் வீடு வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். மஹாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1999-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் சொல்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. "பதினோரு மாசம்தானே, எதற்கு?" என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புதுக் கட்டடம் என்றால், குடியேறலாம் என்று மாநகராட்சி தரும் ஆக்யுபேஷன் சர்டிஃபிகேட் வந்துவிட்டதா என்று கேளுங்கள். 'வந்துவிடும்' என்பது பதில் இல்லை. ரேரா சட்டப்படி, கட்டடத்தின் அமைப்பிலோ வேலையின் தரத்திலோ குறை இருந்தால் வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் தெரிவிக்கலாம். கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள் நம் வயதுக்காரர்கள் கேட்க வேண்டியவை. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா? கரண்ட் போனால் லிஃப்ட் ஓட ஜெனரேட்டர் உண்டா? அமங்கலமான கேள்வி என்று நினைக்காதீர்கள். ஐந்தாவது மாடியில் குடியிருப்பவர்களுக்கு இவை மிக அவசியம்.

தண்ணீரைக் கேட்காமல் விடுவது

இது என் சப்ஜெக்ட். முதல் வாடகை வீட்டில் கோடையில் போர்வெல் தண்ணீரும் டாங்கர் தண்ணீரும் கலந்து வந்தது. துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் மசியவில்லை. கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று இரண்டு கடை மாற்றினோம். பருப்பு மேல் குற்றமே இல்லை. கடின நீரில் இருக்கும் கால்சியம், பருப்பில் இருக்கும் பெக்டின் என்கிற பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பிறகு எவ்வளவு கொதித்தாலும் குழையாது. சோப்பு நுரைக்காததற்கும், கெய்ஸர் சீக்கிரம் கெட்டுப்போவதற்கும் அதே கடினத்தன்மைதான் காரணம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500), கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரைந்திருக்கும் மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., 500 வரை இருக்கலாம். ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைச்சாலையில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். அதைப் பார்த்த பிறகு ஆர்.ஓ. மெஷின் வேண்டுமா என்று தீர்மானியுங்கள். நல்ல மாநகராட்சித் தண்ணீர் வரும் இடத்தில் ஆர்.ஓ. போட்டுப் பாதித் தண்ணீரைச் சாக்கடையில் விடுவது வீண்.

முகூர்த்தத்தையும் லாரியையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது

ஆடியில் கூடாது, மார்கழியில் கூடாது என்று பார்த்து நல்ல நாள் குறிக்கிறோம். அது சரி. அதே நாளில் லாரியும் வந்து சேரவேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தப்பு. லாரிக்குப் பஞ்சாங்கம் தெரியாது. எங்கள் சாமான் ஐந்து நாளில் வரும் என்றார்கள். பதினோராவது நாள் வந்தது. குத்துவிளக்கு, பால் காய்ச்சும் பாத்திரம், மணை எல்லாம் லாரியில். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் கொடுத்த பாத்திரத்தில்தான் பால் காய்ச்சினோம்.

நம் பெரியவர்கள் புது வீட்டுக்குள் முதலில் என்ன எடுத்துப் போகச் சொன்னார்கள்? ஸ்வாமி படம், விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு. சாஸ்திரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், முதல் நாள் ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட வேண்டியது அதில் இருக்கிறது. அந்த மூட்டையை லாரியில் ஏற்றாமல் கையோடு எடுத்துப் போங்கள். அதோடு காபி ஃபில்டர், காபிப்பொடி, ஒரு குக்கர், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், கத்தி, தீப்பெட்டி, டார்ச், ஒரு செட் மாற்றுத்துணி, படுக்கை விரிப்பு. பஞ்சாயதன பூஜை, சாளக்ராமம் இருப்பவர்கள் அதையும் கையோடுதான் எடுத்துப் போகவேண்டும். விமானத்தில் போகிறவர்கள் தீப்பெட்டியை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. போய் இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

உயர்ந்த அடுக்குமாடிகளில் ஹோமம் செய்கிறவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். கூரையில் தெரியும் ஸ்ப்ரிங்க்ளரில் சிவப்பு நிறக் கண்ணாடிக் குமிழ் இருந்தால் அது 68 டிகிரி சென்டிகிரேடில் உடைந்து தண்ணீர் கொட்டும். ஹோம குண்டத்தை அதற்கு நேர் கீழே வைக்கவேண்டாம். புகை அலாரம் இருந்தால் முதல் நாளே கட்டட மானேஜரிடம் சொல்லிவைப்பது நல்லது.

வாய்வார்த்தையை நம்பி லாரி பேசுவது

நான் நாலு இடத்தில் போன் செய்து, குறைந்த ரேட் சொன்னவரைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து சாமானைப் பார்க்கவே இல்லை. சாமான் ஏறிய மூன்றாம் நாள் போன் வந்தது. "வழியில் இ-வே பில் கேட்கிறார்கள், அபராதம் கட்டவேண்டும், உடனே பணம் அனுப்புங்கள்." நம் சாமான் அவர்கள் கையில் இருக்கிறது. பயந்து அனுப்பினேன். அப்புறம்தான் தெரிந்தது. சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. விதிகளின்படி இ-வே பில்லே தேவையில்லை. முப்பத்தெட்டு வருஷம் அரசாங்க விதிகளோடு வாழ்ந்தவன் இந்த விதியைத் தேடிப் பார்க்கவில்லை.

ஆகவே, நேரில் வந்து சாமானைப் பார்த்து எழுத்தில் ரேட் கொடுக்கிறவரிடம் மட்டும் பேசுங்கள். கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண், விலாசம், லாரி எண் எல்லாம் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். கைபேசியில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் என்று ஒரு தொகை வாங்குவார்கள். அது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசியா, அல்லது லாரிக்காரரே ரசீதில் எழுதும் ஒரு வரியா என்று பாருங்கள். பாலிசி என்றால் நகல் கேளுங்கள். பணம், நகை, பத்திரங்கள் பொதுவாக அதில் அடங்கா. சாமானை இறக்கியதும் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்பார்கள். 'பெட்டிகள் இன்னும் திறந்து பார்க்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். சேதம் ஏற்பட்டு வழக்குப் போடவேண்டி வந்தால், 2007-ஆம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, சாமானை ஒப்படைத்துப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். யோசனை கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சாமானின் குணம் தெரியாமல் கட்டுவது

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக்கூடாது. அது ஆபத்து. வேறு ஊருக்குப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜன்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, டெர்மினேஷன் வவுச்சர் பெற்றுக்கொள்ள வேண்டும். அதைக் காட்டிப் புது ஊரில் அன்றைய டெபாசிட்டைக் கட்டி இணைப்பு வாங்கலாம். இதற்குச் சில நாள் ஆகும். அதற்குள் சமைக்க ஒரு இண்டக்ஷன் அடுப்பு கையில் இருந்தால் நல்லது.

ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, காயவைத்து, நிற்கவைத்தே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரெஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். அப்படிப் படுக்கவைத்திருந்தால் நிமிர்த்திப் பல மணி நேரம் விட்டுப் பிறகு ஸ்விட்ச் போடுங்கள். முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு, அதன் டிரம் ஆடாமல் இருக்க, வாங்கும்போது பின்னால் போல்ட் போட்டு வந்திருக்கும். அவற்றைத் தூக்கிப் போட்டிருந்தால் சர்வீஸ் ஆளிடம் கேட்டு வாங்கி மாட்டிய பிறகே லாரியில் ஏற்றவேண்டும். இன்வர்ட்டர் பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். அதைத் துணிப் பெட்டி பக்கத்தில் வைத்ததால் என் மயில்கண் வேஷ்டி இரண்டு, சல்லடை ஆயிற்று.

ஈயச்சொம்புக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஈயச்சொம்பு என்று சொன்னாலும் அது வெள்ளீயம். மிருதுவானது, மேலே ஒரு குக்கரை வைத்தால் நசுங்கிவிடும். துணி சுற்றித் தனியாக வையுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சில நிமிஷத்தில் உருகிவிடும். புது வீட்டில் புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு இது தெரியாது. முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

கொலு பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி, இடுக்கில் காகிதம் திணித்து, சின்னச் சின்னப் பெட்டிகளில் வையுங்கள். புத்தகங்களுக்கும் சின்னப் பெட்டிதான். பெரிய பெட்டியில் புத்தகத்தை நிரப்பினால் தூக்குகிறவருக்கு முதுகு போகும், பெட்டிக்கு அடி போகும்.

காகிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

பி.பி.ஓ., ஆதார், பான், பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், டெபாசிட் ரசீதுகள், மெடிக்கல் ஃபைல், லாக்கர் சாவி. இவை ஒரே கைப்பையில், உங்கள் மடியில் வரவேண்டும். லாரியிலும் கூடாது, கூரியரிலும் கூடாது. லாக்கரைக் காலி செய்வதென்றால் இருவரும் நேரில் போய்ப் புறப்படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

விலாசம் மாற்ற வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஆதாரில் தொடங்கினால் மற்றவை சுலபம். பிள்ளையோடு இருக்கப் போகிறவர்களுக்குத் தம் பெயரில் விலாச ஆதாரம் இருக்காது. 2023 முதல், குடும்பத் தலைவர் என்ற முறையில் பிள்ளையோ பெண்ணோ சம்மதம் கொடுத்து, உறவைக் காட்டும் ஆவணத்தோடு, அவர்கள் விலாசத்துக்கு நம் ஆதாரை மாற்றும் வசதி வந்திருக்கிறது. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வேறு தொகுதிக்குப் போனாலும் 2022 ஆகஸ்டிலிருந்து அந்தப் படிவமேதான். சி.ஜி.எச்.எஸ். கார்டை புது ஊர் வெல்னஸ் சென்டருக்கு மாற்றவேண்டும். பழைய பேட்டைத் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் கடிதங்களைப் புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதத்தை மறக்கக்கூடாது. 80 வயதானவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே ஆயுள் சான்று கொடுக்கலாம். பழைய பாங்க்குக்கு ஓடவேண்டியதில்லை. 2014-இல் ஜீவன் பிரமாண் வந்தது. 2021 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து கொடுக்க முடிகிறது. இதற்கெல்லாம் ஓ.டி.பி. வரும். ஆகவே ஊர் மாறினாலும் பழைய கைபேசி எண்ணை மட்டும் மாற்றாதீர்கள்.

மருந்தும் முதல் இரவும்

என் ஆத்துக்காரியின் பி.பி. மாத்திரை, தைராய்டு மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம் ஒரு டப்பாவில். அந்த டப்பாவை நான் 'பத்திரமாக' கட்டி லாரியில் ஏற்றிவிட்டேன். இங்கே மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றார். அவர் செய்தது சரிதான். மூன்று நாள் மாத்திரை இல்லாமல் போய், டில்லி டாக்டரைப் பிடித்து சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கினோம். ஒரு மாத மருந்து கைப்பையிலும், சீட்டின் போட்டோ கைபேசியிலும் இருக்கட்டும். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும். கீழே சாமான் அறையில் போட்டால் உறைந்து கெட்டுவிடலாம்.

டில்லி வீட்டில் கட்டிலிலிருந்து எழுந்தால் இடது பக்கம் பாத்ரூம். பல வருஷம் அப்படியே பழகின கால். இங்கே வலது பக்கம். இரண்டாம் நாள் இரவு தூக்கக் கலக்கத்தில் இடது பக்கம் நடந்து, பிரிக்காத பெட்டியில் இடறி, பீரோவில் நெற்றியை இடித்துக்கொண்டேன். நெற்றியோடு போனது என் அதிர்ஷ்டம். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முடிந்தால் கட்டிலைப் பழைய வீட்டில் இருந்த மாதிரியே, பாத்ரூம் அதே பக்கம் வரும்படி போடுங்கள். ராத்திரி விளக்கும், பாத்ரூமில் கைப்பிடியும், வழுக்காத மிதியடியும் குடிபோவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு பெட்டிகூட இருக்கக்கூடாது.

கேட்காமல் முடிவு செய்வது

இப்போது அந்த முதல் தவறுக்கு வருகிறேன்.

டில்லியில் எங்கள் வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. என் தாயார் உபயோகித்தது. தாயார் 2009-இல் காலமானார். அதற்குப் பிறகு யாரும் அதில் தைத்ததில்லை. புறப்படுவதற்கு முதல் வாரம், ஆத்துக்காரி மலை மந்திருக்குப் போயிருந்த நேரத்தில், கபாடிக்காரர் வந்தார். பத்து வருஷமாக ஓடாத மெஷின், லாரியில் இடம்தான் அடைக்கும் என்று பழைய பேப்பரோடு அதையும் கொடுத்தேன். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டதாக ஒரு திருப்தி வேறு.

புனேவுக்கு வந்து இரண்டு மாதத்தில் தாயாரின் ஸ்ராத்தம் வந்தது. புது வாத்யார், தாயார் பெயர், பாட்டி பெயர், கொள்ளுப்பாட்டி பெயர் என்று கேட்டார். முதல் இரண்டும் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. டில்லியில் எத்தனையோ வருஷம் ஒரே வாத்யார். எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்லிப் பழகியிருந்தேனே தவிர, என் மனதில் நிற்கவில்லை.

உள்ளே திரும்பி, "அம்மாவோட நோட்டை எடு" என்றேன். ஆத்துக்காரி, "அது தையல் மெஷின் டிராயர்லன்னா இருக்கு" என்றாள்.

அந்த நோட்டில் என் தாயார் நாற்பது வருஷத்துக்கு மேல் எழுதியிருந்தாள். மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர்கள், யார் எந்த ஊரில் பிறந்தாள், எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள், எங்கள் எல்லோருடைய நக்ஷத்ரம், யாருக்கு என்ன திதி, தீபாவளி லேகியத்துக்குச் சாமான் அளவு, என் கல்யாணச் செலவுக் கணக்கு. டிராயரைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். டில்லி அண்டைவீட்டாரிடம் சொல்லிக் கபாடிக்காரரைத் தேடிப் பிடித்தோம். எல்லாம் போய் வெகு நாளாகிவிட்டது என்றார்.

டில்லி வாத்யாருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு க்ஷணம்கூட யோசிக்காமல் பெயரைச் சொன்னார். ஸ்ராத்தம் நடந்தது. பெயர் கிடைத்தது. நோட்டு கிடைக்கவில்லை.

ஆத்துக்காரி கோபப்படவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம், "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கப்படாதோ?" என்று மட்டும் சொன்னாள். ஏழு முறை வீடு மாற்றியவள் அவள். எந்த டிராயரில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளைக் கேட்கத் தோன்றவில்லை. மாத்திரை டப்பா லாரியில் போனதும், விளக்கு லாரியில் போனதும் கேட்காததால்தான். நான் சொன்ன மற்றத் தவறுகளைப் பணமும் பொறுமையும் இருந்தால் சரிசெய்துவிடலாம். சுவர் காயும், ஃபிரிட்ஜ் ரிப்பேராகும், பணம் போனால் போகட்டும். கேட்காமல் தூக்கிப் போட்டதை மட்டும் திரும்ப வாங்க முடியாது.

இதை இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அப்பா அம்மாவை உங்களோடு அழைத்துப்போவது பெரிய காரியம். ஆனால், "இதெல்லாம் எதுக்கு, தூக்கிப் போடுங்கோ, அங்கே எல்லாம் புதுசா வாங்கித் தரேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். எல்லாவற்றையும் கொண்டுவர இடம் இருக்காது. அது அவர்களுக்கும் தெரியும். எதை விடுவது என்பதை அவர்களே சொன்னால் மனசு ஒப்பும். புது வீட்டுச் சமையலறையில் எந்த டப்பா எந்தத் தட்டில் இருக்கவேண்டும் என்பதையும், அங்கே நின்று சமைக்கப் போகிறவரே தீர்மானிக்கட்டும். பெரியவர்களான நாமும், "எதையும் தொடாதே" என்று பிடிவாதம் பிடிக்காமல், புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே தினம் ஒரு அலமாரியாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடலாம். கடைசி வாரத்து அவசரத்தில்தான் டிராயரைத் திறக்காமல் கொடுக்கிறோம்.

ஆகவே நான் சொல்வது மூன்றே விஷயம். முதலில் கேளுங்கள். பிறகு எழுதுங்கள். அதற்கப்புறம் கட்டுங்கள். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன்.

அந்த ஸ்ராத்தத்துக்கு மறுவாரம் ஒரு நோட்டு வாங்கினோம். எனக்கு ஞாபகம் இருந்தது கொஞ்சம். ஆத்துக்காரிக்கு ஞாபகம் இருந்தது நிறைய. மதுரையில் இருக்கும் என் அத்தை பெண்ணிடம் போனில் கேட்டதும் சேர்த்து இதுவரை முப்பது பக்கம் எழுதியிருக்கிறோம். பக்கத்துக்குப் பக்கம் போட்டோ எடுத்துக் குழந்தைகளுக்கு அனுப்பியிருக்கிறோம். தாயார் எழுதியதில் பாதிகூட வரவில்லை.

நீங்கள் வீடு மாறப் போகிறீர்களோ இல்லையோ, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நோட்டை எடுத்து, கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி வரை, அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும், உங்களுக்குத் தெரிந்த பெயர்களை எழுதுங்கள். தெரியாத பெயரைச் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் இன்றைக்கே போன் செய்யுங்கள். அந்த நோட்டு எந்த டிராயரில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

எல்லோருக்கும் புது வீட்டிலும் பழைய வீட்டிலும் க்ஷேமம் உண்டாகட்டும்.